கல்லாவுக்குக் கணக்கு உண்டு, நம் நாளுக்கு உண்டா?

(தருமபுரியில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய ஓர் இரவுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

    

கடையை அடைத்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். அடைப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். கல்லாவைத் திறந்து எண்ணியிருப்பீர்கள். காலையில் எவ்வளவு வைத்தோம், இப்போது எவ்வளவு இருக்கிறது, யார் யார் கடன் சொல்லிவிட்டுப் போனார்கள் என்று ஒரு நோட்டில் குறித்திருப்பீர்கள். பத்து ரூபாய் குறைந்தால் பையனைக் கூப்பிட்டு விசாரிப்பீர்கள். இதில் தவறு எதுவும் இல்லை. கணக்கு எழுதுவது மார்க்கம் கட்டளையிட்ட காரியம். திருக்குர்ஆனில் உள்ள வசனங்களிலேயே மிக நீளமானது எது தெரியுமா? தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. கடன் கொடுத்தால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சாட்சி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிற வசனம்தான் அது (அல்குர்ஆன் 2:282).

பணத்துக்கு இவ்வளவு கணக்கு வைக்கிற நாம், நமது நாளுக்குக் கணக்கு வைக்கிறோமா? இன்று காலை பஜ்ரிலிருந்து இந்த நேரம் வரை செலவான மணி நேரங்கள் எதற்காகச் செலவாயின? யாருக்காகச் செலவாயின? நேற்றைக்கு இல்லாத எதையாவது இன்று கற்றுக்கொண்டோமா? இந்தக் கேள்விகளைக் கேட்காதவன் தன் வீட்டையே ஒழுங்காக நடத்த முடியாது. அப்படியிருக்க ஒரு முஹல்லாவை, ஒரு ஜமாஅத்தை, ஒரு சமுதாயத்தை எப்படி வழிநடத்துவான்? இதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நம் மாவட்டத்தில் இரண்டு வகையான சகோதரர்களைப் பார்க்கிறேன். ஒரு வகையினர் கடையே கதி என்று இருப்பவர்கள். பாலக்கோட்டுத் தக்காளி லாரி எத்தனை மணிக்கு வரும், பாப்பாரப்பட்டியில் புளி என்ன விலை போகிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. மகன் எந்த வகுப்பு படிக்கிறான் என்று கேட்டால் மட்டும் யோசிப்பார்கள். இன்னொரு வகையினர் கூட்டமே கதி என்று இருப்பவர்கள். சேலத்தில் கூட்டம், சென்னையில் பேரணி, கிருஷ்ணகிரியில் ஆலோசனை என்று ஓடிக்கொண்டே இருப்பார்கள். கடையைப் பூட்டிப் பூட்டி வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விட்டிருப்பார். வீட்டில் அரிசி இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. இந்த இருவருமே சமுதாயத்துக்கு இழப்புதான். முதலாமவர் தன் ஆற்றலைத் தராமல் இழப்பை ஏற்படுத்துகிறார். இரண்டாமவர் ஐந்து வருடத்தில் களைத்து, கடன்பட்டு, கசந்துபோய் ஒதுங்கி இழப்பை ஏற்படுத்துகிறார்.

எண்ணமே முதல்

ஹதீஸ் கலை மேதை இமாம் புகாரி அவர்கள் தமது நூலை எந்த ஹதீஸைக் கொண்டு தொடங்கினார்கள்? செயல்கள் எல்லாம் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன என்ற கருத்துள்ள நபிமொழியைக் கொண்டுதான். ஹிஜ்ரத் என்பது எவ்வளவு பெரிய தியாகம்! வீட்டை விட்டு, ஊரை விட்டு, சொத்தை விட்டுப் போவது. அந்தப் பயணத்தைக்கூட ஒருவர் உலக ஆதாயத்துக்காகச் செய்தால் அவருக்குக் கிடைப்பது அந்த ஆதாயம் மட்டுமே என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். ஒரே பாதையில், ஒரே வெயிலில் இருவர் நடக்கிறார்கள். ஒருவருக்குக் கூலி உண்டு, மற்றவருக்கு இல்லை. வித்தியாசம் உள்ளத்தில் இருக்கிறது.

இதைவிடவும் நம்மை நடுங்க வைக்கிற ஒரு ஹதீஸ் முஸ்லிம் நூலில் இருக்கிறது. மறுமையில் முதன்முதலில் தீர்ப்பு வழங்கப்படும் மூவரைப் பற்றியது. ஒருவர் போர்க்களத்தில் உயிரைக் கொடுத்தவர். ஒருவர் கல்வி கற்று, கற்பித்து, குர்ஆன் ஓதியவர். ஒருவர் செல்வத்தை வாரி வழங்கியவர். மூவருமே நரகத்துக்கு இழுத்துச் செல்லப்படுவார்கள். காரணம் என்ன? வீரன் என்றும், அறிஞன் என்றும், வள்ளல் என்றும் மக்கள் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அவர்கள் செய்தார்கள்; மக்களும் சொல்லிவிட்டார்கள்; கணக்கு அங்கேயே தீர்ந்துவிட்டது.

சகோதரர்களே, இந்த ஹதீஸ் யாருக்கு? திருடனுக்கோ குடிகாரனுக்கோ அல்ல. மேடையில் நிற்கிற எனக்கு! நாற்காலி போட்ட உங்களுக்கு! நன்கொடை கொடுத்த அந்தக் கடைக்காரருக்கு!

இன்றைக்கு என்ன நடக்கிறது? ஒரு விதவைப் பெண்ணுக்கு ஐந்து கிலோ அரிசி கொடுக்கிறோம். பையின் ஒரு நுனியை ஆறு பேர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மறுநுனியை அந்தப் பெண் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நிற்கிறாள். படம் எடுத்து அடுத்த நிமிடமே வாட்ஸ்அப்பில் போடுகிறோம். அந்தப் பெண்ணின் மகன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். அவன் நண்பர்கள் கையிலும் அந்தப் படம் போய்ச் சேர்கிறது. அவன் அந்த அரிசியில் சமைத்ததை எப்படி உண்பான்? வலது கை கொடுப்பதை இடது கை அறியாமல் கொடுப்பவருக்கு அர்ஷின் நிழல் உண்டு என்று நபியவர்கள் நற்செய்தி சொன்னார்கள். நாமோ மாவட்டம் முழுவதும் அறியும்படி கொடுக்கிறோம். கணக்கு காட்ட வேண்டுமென்றால் ரசீது இருக்கிறது, வரவு செலவுப் புத்தகம் இருக்கிறது. ஏழையின் முகம் நமக்கு ரசீது அல்ல!

எண்ணம் உள்ளே இருப்பதாயிற்றே, அதை எப்படிச் சோதிப்பது என்று ஒரு இளைஞர் கேட்கலாம். ஒரு உரைகல் சொல்கிறேன். அடுத்த நிர்வாகத் தேர்தலில் உங்கள் பெயர் விடுபட்டுப் போகிறது. உங்களைவிட வயதில் சிறியவர் செயலாளர் ஆகிவிடுகிறார். அதற்கடுத்த வாரம் ரத்த தான முகாம். அன்றைக்குப் பந்தல் போட வருவீர்களா? வந்தால் உங்கள் நிய்யத் அல்லாஹ்வுக்காக. வரவில்லையென்றால் இத்தனை நாள் வேலை செய்தது பதவிக்காக. காலித் பின் வலீத் (ரலி) அவர்களைத் தளபதிப் பொறுப்பிலிருந்து உமர் (ரலி) அவர்கள் நீக்கினார்கள். காலித் அவர்கள் படையை உடைத்துக்கொண்டு தனி அணி தொடங்கவில்லை. அபூஉபைதா (ரலி) அவர்களின் தலைமையின் கீழ் தொடர்ந்து போராடினார்கள். நம் ஊர்களில் ஒரு துணைத் தலைவர் பதவி போனாலே இரண்டாவது ஜமாஅத் பிறந்துவிடுகிறதே, ஏன்?

கையில் தொழில், மனதில் சமுதாயம்

இதெல்லாம் ஸஹாபாக்கள் காலத்துக் கதை, நம் காலத்தில் முடியுமா என்று சிலர் நினைக்கலாம். நம் தமிழ் மண்ணில் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். கண்ணியமிகு காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள்.

1896ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தவர். 1920ல் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பு வந்தபோது, பட்டம் கையில் கிடைக்கவிருந்த நேரத்தில் கல்லூரிப் படிப்பை விட்டு வெளியே வந்தார். அந்தக் காலத்தில் பட்டம் என்றால் என்ன மதிப்பு என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அரசாங்க உத்தியோகம் வாசலில் வந்து நிற்கும். நாட்டுக்காக என்ற எண்ணத்தில் அதைத் துறந்தார்.

இதோடு நிறுத்திவிட்டால் பாதிக் கதைதான். படிப்பை விட்டவர் வேலை வெட்டி இல்லாமல் மேடை மேடையாகத் திரியவில்லை. தோல் வணிகத்தில் இறங்கினார், தொழிலைக் கற்றார், வணிகராக நிலைபெற்றார். 1946ல் சென்னை சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்தபோது அவருக்கு ஐம்பது வயது. கையில் தொழில் இருந்த மனிதர் அரசியலில் நின்றார். அரசியலையே தொழிலாக ஆக்கிக்கொண்டவர்களுக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

பிறகு வந்தது சோதனைக் காலம். 1947ல் நாடு பிரிந்தது. முஸ்லிம் லீக் என்று சொல்லவே பலர் தயங்கிய நேரம். கட்சியைக் கலைத்துவிடுங்கள் என்ற குரல் வெளியிலிருந்தும் வந்தது, உள்ளிருந்தும் வந்தது. அந்த நேரத்தில் தலைமை ஏற்பதால் கிடைக்கப்போவது என்ன? மாலையா, மந்திரி பதவியா? சந்தேகப் பார்வையும் ஏச்சும்தான். அப்படிப்பட்ட நேரத்தில் 1948 மார்ச் 10ஆம் நாள் சென்னையில் கூடிய கூட்டத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீகின் பொறுப்பை ஏற்றார். 1972 ஏப்ரலில் மரணிக்கும்வரை அந்தச் சுமையை இறக்கி வைக்கவில்லை.

அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 23ஆம் நாள், எந்தச் சமூகமும் தன் தனியார் சட்டத்தை விட்டுவிடுமாறு கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று திருத்தம் கொண்டுவந்தார். சபை ஏற்கவில்லை. தோற்றுவிட்டோம் என்று சபையை விட்டு ஓடினாரா? இல்லை. வாதத்தை வாதமாக வைத்தார், முடிவைக் கண்ணியமாக எதிர்கொண்டார், மறுபடியும் அடுத்த பிரச்சினைக்கு எழுந்து நின்றார். மாநிலங்களவையில் இருந்தார். பிறகு 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி அவரை மக்களவைக்கு அனுப்பியது. ஒரு தமிழரை மலையாள மக்கள் மூன்று முறை தேர்ந்தெடுத்தார்கள் என்றால் சும்மாவா? அவருடைய அரசியல் கருத்துக்களோடு மாறுபட்டவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். மாறுபடுங்கள், அது உங்கள் உரிமை. அவர் வாழ்க்கையின் ஒழுங்கை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

வணிகர்களுக்கும் ஒரு வார்த்தை. நமக்குப் பக்கத்தில் வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி 1919ல் தொடங்கப்பட்டது. திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரி 1951ல் தொடங்கப்பட்டது. திருச்சிக் கல்லூரியை நிறுவிய ஜமால் முஹம்மது சாஹிபும் காஜாமியான் ராவுத்தரும் யார்? வணிகர்கள். தாங்கள் சம்பாதித்ததைத் தங்கள் காலத்தோடு முடியவிடாமல் கல்வியில் போட்டார்கள். அவர்கள் கண்ணை மூடிய பிறகும், முஸ்லிம் என்றும் முஸ்லிம் அல்லாதவர் என்றும் பாராமல் பிள்ளைகள் அங்கே படித்துக்கொண்டே இருக்கிறார்கள். கடையில் உட்கார்ந்திருக்கும்போதே அந்த எண்ணம் இருந்தால் வணிகமும் இபாதத்தாகிவிடும்.

தராசின் இரு தட்டுகள்

எண்ணம் சரியாகிவிட்டது, இனி இரவு பகலாக உழைக்கப் போகிறேன் என்று சில இளைஞர்கள் புறப்படுவார்கள். கொஞ்சம் பொறுங்கள்! அல்லாஹ் தராசை நிலைநாட்டியிருக்கிறான், அதில் வரம்பு மீறாதீர்கள் என்று சூரா அர்ரஹ்மான் சொல்கிறது. தராசு கடையில் மட்டும் இல்லை. நம் வாழ்க்கையிலும் இருக்கிறது.

அபூதர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்று இருந்தவர்கள். அவர்களுடைய துணைவியார் அலங்காரம் ஏதுமின்றி, பொலிவிழந்து இருப்பதை ஸல்மான் (ரலி) அவர்கள் பார்த்தார்கள். விசாரித்தார்கள். உங்கள் சகோதரருக்கு உலகத்தில் நாட்டமில்லை என்று பதில் வந்தது. ஸல்மான் என்ன செய்தார்கள்? அன்று அபூதர்தாவை நோன்பை விட்டுத் தம்மோடு உண்ண வைத்தார்கள். இரவில் எழுந்தபோதெல்லாம் உறங்குங்கள் என்று படுக்க வைத்தார்கள். இரவின் கடைசிப் பகுதியில் இருவரும் எழுந்து தொழுதார்கள். இறைவனுக்கும், உடலுக்கும், குடும்பத்துக்கும் உரிமைகள் உண்டு. ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடுத்துவிடுங்கள் என்று சொன்னார்கள். நபி (ஸல்) அவர்களிடம் செய்தி போனபோது ஸல்மான் சொன்னது உண்மை என்று உறுதிப்படுத்தினார்கள் (நூல்: புகாரி).

தொழுகைக்கே வரம்பு உண்டு என்றால் கூட்டங்களுக்கு வரம்பு இல்லையா? இரவு பன்னிரண்டு மணிக்கு வீடு திரும்பி, தூங்கும் பிள்ளையின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு, காலையில் அது எழுவதற்கு முன்பே கிளம்புகிற இயக்கப் பொறுப்பாளரே! சமுதாயத்தின் பிள்ளைகளைப் பற்றி மேடையில் பேசுகிறீர்கள். உங்கள் பிள்ளையும் அந்தச் சமுதாயத்தில் சேர்த்திதானே?

அபூபக்ர் (ரலி) அவர்கள் துணி வணிகர். ஆட்சிப் பொறுப்பு வந்தபோது தமது தொழில் குடும்பத்துக்குப் போதுமானதாக இருந்தது என்பதையும், இனி முஸ்லிம்களின் காரியங்களில் ஈடுபட்டுவிட்டதால் குடும்பத்தின் உணவு பொதுநிதியிலிருந்து என்பதையும் வெளிப்படையாகச் சொன்னார்கள் (நூல்: புகாரி). இதில் எவ்வளவு பெரிய பாடம் இருக்கிறது! முழு நேரமும் பொதுவேலை செய்பவருக்கு அளவான ஊதியம் வைப்பது தவறில்லை. எல்லோருக்கும் தெரிய வைக்க வேண்டும், அவ்வளவுதான். மறைத்து எடுப்பதுதான் தவறு. அதே போல, பள்ளிவாசல் இமாமுக்கும் மக்தப் ஆசிரியருக்கும் சம்பளம் பேசும்போது மட்டும் இக்லாஸைப் பற்றி நீண்ட பயான் செய்கிற நிர்வாகிகளும் இந்தச் செய்தியைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்கும் வாடகை உண்டு, பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் உண்டு.

முறை வைத்துக்கொண்ட இரு தோழர்கள்

சொல்வது எளிது ஹஜ்ரத், கடையில் நான் ஒரே ஆள், எப்போது படிப்பது, எப்போது பொதுவேலை செய்வது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதே கேள்வி உமர் (ரலி) அவர்களுக்கும் இருந்தது.

மதீனாவின் மேட்டுப் பகுதியில் அவர்கள் குடியிருந்தார்கள். நபியவர்களின் சபைக்குத் தினமும் வர முடியவில்லை. பிழைப்பையும் பார்க்க வேண்டும். அண்டை வீட்டு அன்சாரித் தோழர் ஒருவரோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒரு நாள் உமர் போவார்கள், மறுநாள் அந்தத் தோழர் போவார். போனவர் அன்று கேட்டதையெல்லாம் வந்து மற்றவருக்குச் சொல்வார் (நூல்: புகாரி). பிற்காலத்தில் பெரும் ஆட்சிப் பரப்பை நிர்வகித்த ஒரு மனிதர் இப்படி முறை வைத்துக்கொண்டுதான் கற்றார்கள்.

இதை நம் கடைவீதியில் செய்ய முடியாதா? பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் இருவர். செவ்வாய்க்கிழமை மாலை ஒருவர் இரு கடையையும் பார்த்துக்கொள்ளட்டும், மற்றவர் தாலுகா அலுவலகத்துக்கு ஒரு ஏழையின் மனுவோடு போகட்டும். அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளட்டும். பெங்களூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போய் வாரம் ஒருமுறை ஊருக்கு வருகிற இளைஞர்கள் இருக்கிறீர்கள். ஒருவர் வராத வாரம் இன்னொருவர் அவர் வீட்டுப் பெற்றோரைப் போய்ப் பார்த்து வரட்டும். பக்கத்துக் கடை ராமசாமி அண்ணனும் நமக்கு அண்டை வீட்டார்தான். அவர் பெண் கல்யாணத்தன்று அவர் கடையை நாம் பார்த்துக்கொண்டால், நாம் ஜும்ஆவுக்குப் போகும்போது நம் கடையை அவர் பார்த்துக்கொள்வார். அமல்களில் அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது, குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவதே என்பது நபிமொழியின் கருத்து. ஒரு நாள் முழக்கத்தைவிட ஐம்பத்திரண்டு செவ்வாய்க்கிழமைகள் பெரியவை.

நல்லவர் என்றால் போதுமா?

எண்ணமும் இருக்கிறது, நிதானமும் இருக்கிறது. தலைமைக்கு இது போதுமா? போதாது. அபூதர் (ரலி) அவர்கள் எப்படிப்பட்டவர்கள்! உண்மை பேசுவதில் நபியவர்களே புகழ்ந்த தோழர். அவர்கள் ஒரு பொறுப்பைக் கேட்டபோது, நீங்கள் பலவீனமானவர், பொறுப்போ ஓர் அமானிதம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்துவிட்டார்கள் (நூல்: முஸ்லிம்). யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியங்களைத் தம்மிடம் ஒப்படைக்கச் சொன்னபோது எதைச் சொல்லிக் கேட்டார்கள்? தாம் பாதுகாப்பவர் என்பதையும், அதைப் பற்றிய அறிவுள்ளவர் என்பதையும் சொல்லிக் கேட்டார்கள். நல்ல மனிதர் என்பது ஒன்று. அந்த வேலை தெரிந்தவர் என்பது வேறொன்று. இரண்டும் வேண்டும்.

நேற்றும் இன்றும் ஒரே நிலையில் இருப்பவன் நஷ்டவாளி என்று ஒரு செய்தி மேடைகளில் ஹதீஸ் என்று சொல்லப்படுகிறது. அதற்குச் சரியான அறிவிப்பாளர் தொடர் இல்லை. அதை நபியவர்கள் பெயரில் சொல்ல வேண்டாம். அதன் தேவையும் நமக்கு இல்லை. இறைவா, எனக்கு அறிவை அதிகமாக்கு என்று கேட்கும்படி அல்லாஹ்வே தன் தூதருக்குக் கட்டளையிட்டிருக்கிறான் (அல்குர்ஆன் 20:114). நபிக்கே அறிவு அதிகமாக வேண்டும் என்றால் நமக்கு?

ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்கள் மதீனாவின் இளைஞர். யூதர்களோடு நடக்கும் கடிதப் போக்குவரத்துக்கு நம்பகமான ஆள் வேண்டும் என்பதற்காக அவர்களுடைய எழுத்தைக் கற்கும்படி நபியவர்கள் கட்டளையிட்டார்கள். அரை மாதத்தில் கற்றுவிட்டார் (நூல்: திர்மிதி). சமுதாயத்துக்கு என்ன தேவை என்று பார்த்து அதைக் கற்றார். இதுதான் வளர்ச்சி.

நம் மாவட்டத்தின் தேவை என்ன? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு 80 சதவீதம். தருமபுரி மாவட்டத்தில் 68.54 சதவீதம். மாநிலத்திலேயே கடைசி இடம்! இது முஸ்லிம்களுக்கு மட்டுமான கணக்கல்ல. இந்த மண்ணின் எல்லா மக்களுக்குமான கணக்கு. இந்த மண்ணில் தலைமை தாங்க விரும்புபவர் முதலில் இந்த எண்ணைப் பார்த்து வெட்கப்பட வேண்டும்.

2007ல் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு சட்டமானது. எத்தனை மாநாடுகள், எத்தனை போராட்டங்களுக்குப் பிறகு கிடைத்தது! லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்னி முஸ்லிம், ஷேக், சையத், தூதேகுலா, மாப்பிள்ளை, அன்சார் என்று பட்டியல் இருக்கிறது. வீட்டில் தமிழ் பேசுகிறவர்களும் உருது பேசுகிறவர்களும் இதில் வருகிறார்கள். ஆனால் சாதிச் சான்றிதழ் கையில் இல்லாத மாணவனுக்கு அந்தச் சட்டம் வெறும் காகிதம்தான். விண்ணப்பத்தின் கடைசி நாளன்று ஒரு தாய் இ-சேவை மையத்து வாசலில் அழுதுகொண்டு நின்றால், அந்த முஹல்லாவின் நிர்வாகிகள் ஆண்டு முழுவதும் என்ன செய்தோம் என்று தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகவே இளைஞர்களே! பேசக் கற்றுக்கொள்வதற்கு முன் மனு எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எப்படிக் கேள்வி கேட்பது என்று தெரிந்துகொள்ளுங்கள். கிராம சபையில் எழுந்து நின்று குடிநீருக்கும் சாலைக்கும் எல்லா மக்களுக்காகவும் பேசப் பழகுங்கள். வரவு செலவு எழுதத் தெரியாதவர் பொருளாளர் ஆக வேண்டாம். ஆவதென்றால் முதலில் கணக்கைக் கற்றுக்கொண்டு ஆகுங்கள்.

தலைவர் முதலில் எழ வேண்டும்

ஹுதைபிய்யா உடன்படிக்கை ஹிஜ்ரி ஆறாம் ஆண்டில் நடந்தது. உம்ரா செய்ய ஆவலோடு வந்த தோழர்கள் திரும்பிப் போக வேண்டிய நிலை. மனம் உடைந்திருந்தது. எழுந்து குர்பானி கொடுத்து முடியைக் களையுங்கள் என்று நபியவர்கள் மூன்று முறை சொல்லியும் யாரும் எழவில்லை. நபியவர்கள் கூடாரத்துக்குள் போய்த் துணைவியார் உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் வருத்தத்தைச் சொன்னார்கள். யாரிடமும் பேசாமல் வெளியே சென்று தாங்களே முதலில் பலியிட்டு, முடியைக் களைந்துகொள்ளுங்கள் என்று அந்த அம்மையார் ஆலோசனை சொன்னார்கள். அப்படியே செய்தார்கள். பார்த்த தோழர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள் (நூல்: புகாரி).

இந்த ஒரு நிகழ்ச்சியில் தலைமையின் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, அல்லாஹ்வின் தூதரே ஒரு பெண்ணின் ஆலோசனையைக் கேட்டார்கள். நாம் ஜமாஅத் காரியத்தில் நம் வீட்டுப் பெண்களை ஒரு வார்த்தை கேட்கிறோமா? மக்தபில் பெண் பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்பது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு, சொல்லி நடக்காதது செய்து காட்டியதும் நடந்தது. வரதட்சணை வாங்காதீர்கள் என்று தம்பிக்குச் சொல்கிற அண்ணன், தன் மகனுக்கு முதலில் மஹர் கொடுத்து மணமுடித்துக் காட்ட வேண்டும். வட்டியைப் பற்றிப் பேசுகிற வணிகர், அவசரத்துக்குத் தவிக்கிற தள்ளுவண்டிக்காரருக்கு முதலில் தாமே அழகிய கடன் கொடுக்க வேண்டும்.

பதவியில் இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது என்று பிரித்தார். நபியவர்கள் மிம்பரில் ஏறிக் கண்டித்தார்கள். தாய் தந்தையின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள் (நூல்: புகாரி). பதவிக்காக வருகிற பரிசு பரிசல்ல.

கடைசியாக ஒன்று. இன்று ஒவ்வொருவர் கையிலும் செல்போன் இருக்கிறது. எங்கோ நடந்ததை இங்கே நடந்தது போலவும், என்றோ நடந்ததை இன்று நடந்தது போலவும் அனுப்புகிறார்கள். தீயவன் ஒரு செய்தி கொண்டுவந்தால் விசாரித்துத் தெளிவு பெறுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பிறகு வருந்தாதீர்கள் என்று குர்ஆன் கட்டளையிடுகிறது (49:6). ஒரு பொறுப்பாளரின் விரல், ஒரு கடைவீதியையே கொளுத்திவிடும். அந்தக் கடைவீதியில் நம் கடையும் இருக்கிறது, பிறர் கடையும் இருக்கிறது. கோபம் வரும்போது நிதானிக்கத் தெரிந்தவரே தலைவர். மல்யுத்தத்தில் வீழ்த்துபவன் வீரனல்ல, கோபத்தில் தன்னை அடக்குபவனே வீரன் என்ற நபிமொழிக் கருத்தை மறந்துவிடாதீர்கள்.

இன்றிரவே தொடங்குங்கள்

அன்புச் சகோதரர்களே! நீங்கள் விசாரிக்கப்படும் முன் உங்களை நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் கூறியதாக அறிவிக்கப்படுகிறது. அதைச் செய்ய ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கல்லாக் கணக்கு எழுதுகிற அதே நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். இன்று செய்த ஒரு பொதுவேலையை எழுதி, அது யாருக்காக என்று உங்களிடமே கேளுங்கள். குடும்பத்துக்கு, தொழிலுக்கு, சமுதாயத்துக்கு இன்று எவ்வளவு நேரம் போயிற்று என்று குறியுங்கள். எதைக் கற்றீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். வரி எழுத முடியாத நாள் வந்தால் கவலைப்படுங்கள். கல்லாவில் பணம் குறைந்தால் கவலைப்படுவது போல.

பஜ்ருக்குப் பிறகு ஷட்டரைத் தூக்கும்போது பிஸ்மில்லாஹ் சொல்கிறோம். அந்த நேரத்தில் ஒரு எண்ணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் குடும்பம் யாரிடமும் கையேந்தாமல் இருப்பதற்காக, என் கடைக்கு வருபவர் ஏமாறாமல் போவதற்காக, வருகிற லாபத்தில் ஒரு ஏழைப் பிள்ளை படிப்பதற்காக இந்தக் கடையைத் திறக்கிறேன் என்று எண்ணுங்கள். அதே தராசு, அதே சரக்கு, அதே விலை. ஆனால் அன்றைய கணக்கு இரண்டு இடத்தில் எழுதப்படும்.

நம் எண்ணங்களைத் தூய்மையாக்கி, நம் நாட்களில் பரக்கத் செய்து, நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் பயனுள்ள கல்வியை அதிகமாக்கி, இந்த மாவட்டத்து மக்கள் அனைவருக்கும் பயன்படுகிறவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்கி அருள்வானாக! ஆமீன்.